எட்டாவது மிஷின்

எண்பதுகளில் ஒரு நாள், ஆரணியிலிருந்து சேவூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இடம் பிடித்து வைத்திருந்த தன் கணவரின் பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஏழு இருக்கும்போதே கட்டிலுக்குக் கீழ பெருக்க முடியல. இதுல எட்டாவதா?"

ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் எட்டு என்ன என்று தெரியாமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

கணவரின் மடியில் ஒரு கோணிப்பை. அதற்குள், மரத்தில் காடிப் பள்ளம் எடுக்கும் ரவுட்டர் மிஷின். வேலூரில் பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைத்ததாம்.

"வாரம் பூரா தறி. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் எனக்கு மரவேலை. ஒவ்வொரு காடிக்கும் வெட்டுற பிட்டை மாத்தி மாத்திப் போட்டுகினு இருந்தா பொழுதே போயிடும். ஒரு மிஷினுக்கு ஒரு பிட்டுன்னு மாட்டி வெச்சிட்டா பேஜாரே இல்ல."

"எதுக்கும் ஒரு சாக்கு இருக்கும் உங்களுக்கு."

"நீ மட்டும் ஒவ்வொரு சேலை பார்டருக்கும் தனித்தனியா டிசைன் அட்டை கட்டி, பரண் பூரா அடுக்கி வெச்சிருக்கியே?"

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கில்லீங்க. எட்டு நமக்கு ஆவாது. எட்டோட வூட்டுக்குள்ள நுழைய வேணாம்."

கணவரின் முகம் மலர்ந்தது. குனிந்து, தன் சீட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு கோணிப்பையை இழுத்தார்.

"நீ இதைத்தான் சொல்வேன்னு தெரியும். அதான் ஒன்பதாவதையும் சேர்த்து வாங்கிகினு வந்துட்டேன்."

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பைக்கு இடம் விட்டுக் காலை நகர்த்தி வைத்தார்.