சைலன்சரில் ஓர் ஓட்டை

— இப்பல்லாம் எவன் வண்டியத் தொட்டுப் பாத்து வாங்கறான்? செல்போன்ல படத்தப் பாக்கறான், விரல வெக்கிறான், வாங்கிட்டேங்கறான். கால் கிலோ வெண்டைக்கா வாங்கறவன்கூட மொனைய ஒடிச்சிப் பாக்கறான். லட்ச ரூபா வண்டிக்கு படம் போதுமாம்.

— அதுக்குத்தானப்பா நேர்ல வந்திருக்கோம். இவரும் அஞ்சு எலக்ட்ரிக் பைக்கு காட்டிட்டாரு. நீயும் அஞ்சையும் தட்டித் தட்டிப் பாத்துட்ட.

— தட்டுனா பிளாஸ்டிக் சத்தம் கேக்குது பாப்பா.

— அது ஃபைபருங்க ஐயா. துரு புடிக்காது.

— நீ யாருப்பா, முதலாளியா?

— இல்லைங்க, சேல்ஸ்ல இருக்கேன். அலெக்ஸ்.

— அலெக்ஸு, நான் மருதமுத்து. நிலக்கரி மைன்ஸ்ல முப்பத்தாறு வருஷம் கன்வேயர் பெல்ட்டுல கெடந்தவன். இரும்பு எது, தகரம் எதுன்னு எனக்குத் தெரியும். ஃபைபர்னு சொல்லி எனக்கு ஒரு ஹெல்மெட்டு குடுத்தானுங்க. உக்காந்தேன், ஒடஞ்சிபோச்சி.

— அது மேல ஏம்ப்பா உக்காந்த?

— சோறு துண்றப்ப வேற எது மேல உக்கார்றது?

— மேடம், நீங்க டெய்லி எவ்வளவு தூரம் போவீங்க?

— வடக்குத்துலேருந்து பவர் ஹவுஸ். போக வர இருவது கிலோமீட்டர். அங்க லேப்ல கான்ட்ராக்ட்ல இருக்கேன், தண்ணி டெஸ்ட் பண்ற வேல. ஞாயித்துக்கிழமையில நானும் கூட வேல செய்யற கிறிஸ்டினாவும் கடலூர் பீச்சு வரைக்கும் போலாம்னு. அது ஒரு எண்பது வரும்.

— அப்ப இந்த நீலக் கலர் கரெக்ட்டுங்க. ஒரு தடவ சார்ஜ் போட்டா நூத்திப்பத்து கிலோமீட்டர்.

— எழுதிக் குடுப்பியா?

— பேப்பர்ல நூத்தி நாப்பதுன்னே போட்டிருக்குங்க ஐயா. நான்தான் கொறச்சி சொல்றேன்.

— அப்ப ஒண்ணு பேப்பர் பொய் சொல்லுது, இல்ல நீ சொல்ற.

— அப்பா.

— இல்லைங்க மேடம், ஐயா கேக்கட்டும். ஒரு ஆள் போனா நூத்திப்பத்து. ரெண்டு பேரு உக்காந்து, எதுர்காத்துல போனா நூறுன்னு வெச்சிக்குங்க.

— பாத்தியா பாப்பா? நின்ன எடத்துலயே நாப்பது கிலோமீட்டர் தேஞ்சிபோச்சி.

— நூறே போதும்ப்பா எனக்கு.

— சரி, சார்ஜ் எங்க போடுவ? கரி வெட்டுனது நானு. கரண்டு எங்கெங்கியோ எரியுது. காத்து கொஞ்சம் வேகமா அடிச்சா நம்ம வூட்டுல மெழுகுவத்தி.

— அதுக்குத்தான் இத எடுக்கறேன்றேன். இதுல பேட்டரிய தனியா கழட்டலாம். வூட்டுல கரண்ட் இல்லன்னா அமிர்தம் அத்தையோட குவாட்டர்ஸ்ல போட்டுக்குவேன். டவுன்ஷிப் பிளாக்குல கரண்ட் அவ்வளவா போவாது.

— கழட்டி இடுப்புல வெச்சிக்கினு போவியா?

— பதினோரு கிலோதாங்க ஐயா.

— இது பொறந்தப்ப ரெண்டே முக்கா கிலோப்பா. அதத் தூக்கவே இவங்க அம்மா மூச்சு வாங்குனா.

— எங்க போனாலும் இதச் சொல்லிடு.

— பழைய வண்டியிலயே போயேன் பாப்பா. அதுக்கு இன்னா கொறச்சல்?

— கொறச்சலா? பதினேழு வருஷத்து வண்டி. போன மாசம் மட்டும் ரெண்டு தடவ வழியில நின்னுடுச்சி. செகண்ட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நான் ஒருத்தியா தள்ளிக்கினு வந்தேன். சைலன்சர்ல ஓட்ட வேற. நான் தெருவுல திரும்பனாலே எதுர்வூட்டு திலகவதி அக்கா, பத்தரை ஆச்சி, தமிழ்நிலா வந்துட்டான்னு மணி சொல்லுது. மானம் போவுது எனக்கு.

— அவளுக்கு வேற வேல இல்ல. நான்லாம் எட்டு மணிக்கே தூங்கிடறேன். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல.

— சைலன்சர மாத்தியிருக்கலாமே மேடம். சின்ன வேலதான்.

— நானா வேணாம்னேன்? மெக்கானிக்கு மூணு தடவ மாத்தறேன்னாரு. அப்பாதான் விடல.

— அது ஒரிஜினலுப்பா. இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம்.

— சரிங்க ஐயா, நீங்க ஒரு தடவ இது மேல உக்காந்து பாருங்க. பிரேக்கு எப்பிடி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

— மொதல்ல ஸ்டார்ட் பண்ணு.

— ஸ்டார்ட்லதாங்க இருக்கு.

— இல்லியே.

— இருக்குங்க. பச்ச லைட்டு எரியுது பாருங்க.

— லைட்டு எரிஞ்சா ஆச்சா? எங்க பெல்ட்டு போடற சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது. அந்தச் சத்தத்துலதான் நாங்க ஒரு கண்ண மூடுவோம். சத்தம் நின்னுச்சின்னு வெச்சிக்க, அத்தன பேரும் துள்ளி எழுந்துக்குவோம். பெல்ட்டு நின்னுபோச்சின்னு அர்த்தம். இது நின்னுபோன வண்டிப்பா.

— அப்பா, அந்தப் பிடிய முறுக்காத. முறுக்காதன்னு சொல்றேன் இல்ல.

— பிரேக்குங்க ஐயா. பிரேக்கு. பிரேக்கு.

— அடி பட்டுச்சாப்பா? கையக் காட்டு.

— எனக்கு ஒண்ணுமில்ல. ஒடஞ்சது பூந்தொட்டிதான். கடைக்குள்ள எவன் பூந்தொட்டி வெக்கச் சொன்னது?

— இப்பவாவது நம்பறியா, ஸ்டார்ட்ல இருந்திச்சின்னு?

— சொல்லாம கொள்ளாம ஓடுது பாப்பா. அதத்தான நானும் சொல்றேன்.

— பிரேக்கு எப்பிடி இருந்திச்சி?

— பிரேக்கு புடிக்குது. அதச் சொல்லணும் இல்ல.

— அப்பறம் இன்னாப்பா? இது வழியில நிக்காது. ராத்திரியில நான் தள்ளிக்கினு வர வேணாம். அது ஒண்ணு போதாதா உனக்கு?

— போதும்.

— போதும்னா ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிக்கினு இருக்க?

— நீ தெருமொனையில திரும்பறது தெரியாதே.

— யாருக்குத் தெரியணும்?

— யாருக்குன்னா, நாய்ங்களுக்கு. நடுத்தெருவுல படுத்துக்கினு இருக்கும். சத்தம் இல்லன்னா எழுந்துக்காது. நீ ஏத்திட்டு விழுவ.

— ஹாரன் அடிக்கறேன்.

— ஹாரன் ஊருல எல்லாந்தான் அடிக்குது. வர்றது நீதான்னு எப்பிடித் தெரியும்?

— நாய்க்கா?

— நாய்க்குத்தான். எனக்கு இதுல நம்பிக்க இல்ல பாப்பா. நீ சம்பாதிக்கிற, நீ ஓட்டப்போற, வாங்கறதுன்னா வாங்கிக்க. என்ன நல்லா இருக்குன்னு சொல்லச் சொல்லாத. எதுர்த்த டீக்கடையில நிக்கறேன்.

— ஐயா, உக்காருங்க. காபி சொல்லியிருக்கேன்.

— அது எத்தன கிலோமீட்டர் ஓடும்? வேணாம்ப்பா. நான் போறேன்.

— அப்பாவுக்குப் புடிக்கலிங்களா மேடம்? வேற மாடல் காட்டட்டுமா?

— வேணாண்ணே, இதையே எடுத்துக்கறேன். இதுல சத்தம் வர்ற மாதிரி எதாவது மாட்ட முடியுமா?

— சத்தமா? ஒரு ஸ்பீக்கர் இருக்குங்க. வண்டி ஓடறப்ப இன்ஜின் மாதிரி சத்தம் குடுக்கும். ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. சத்தமே இல்லன்னுதான் எல்லாரும் இத வாங்கறாங்க.

— எங்க பழைய வண்டிச் சத்தத்த செல்போன்ல புடிச்சிக் குடுத்தா அதுல ஏத்துவீங்களா? அந்த ஓட்ட சைலன்சர் சத்தம் அப்பிடியே வரணும்.

— கேட்டுப் பாக்கறேன் மேடம். மானம் போவுதுன்னு நீங்கதான சொன்னீங்க?

— சொன்னேன். அப்பா எட்டு மணிக்கு படுத்துடும்ணே. ஆனா நான் செகண்ட் ஷிஃப்ட் போற அன்னிக்கு மட்டும் பத்தரைக்கு மேலதான் கொறட்ட கேக்குதுன்னு அம்மா சொல்லிக்கினே இருக்கும். நான் அத காதுலயே வாங்கல.

— ஓ. நான் நெசமாவே தெரு நாய்க்குத்தான் சொல்றாருன்னு நெனச்சேங்க.

— எங்க தெருவுல நாயே கெடையாதுண்ணே.