விதைக்கு விடாத செடிகள்

கம்பியில் பஞ்சைச் சுற்றிப் பச்சை பூசி, அதை மரம் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் மேசைமேல் வைக்கிற குட்டி மாதிரி ஊர்கள் செய்கிறவன். உள்ளங்கை உயர வீட்டுக்கு முன்னால் நின்றாலும் மரம் மண்ணில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு செடி இருக்கிறது, ஐயா. ஒரு சாண்தான் வளரும். ஆனால் அது கிளை பிரிகிற அழகுக்கு முன்னால் நூறு வயது மரம் தோற்றுப் போகும்.

வளர்ப்பது என் மனைவி. தூசி போன்ற விதையை மணலோடு கலந்து தட்டில் தூவுவாள். முளைத்ததும் ஊசி முனையால் பிரித்து நடுவாள். நான் கிட்டே போனால், "நீங்க தொட்டா பயந்தே செத்துடும், தள்ளிப் போங்க" என்பாள். விதை கட்டினால் கிளை பாரம் தாங்காது; அதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். அடுத்த வருஷ விதைக்காக நாலு செடியை மட்டும் விட்டுவைப்பாள்.

என் மேசையில் இருப்பது எங்கள் தெரு. பள்ளிக்கூட வாசலிலிருந்து எங்கள் வீடுவரை. எங்கள் மகள் ஒன்பது வயதில் அந்தத் தெருவில் லாரியில் அடிபட்டு இறந்தாள். நான் செய்த தெருவில் லாரி கிடையாது. இருபுறமும் மரம், நிழலிலேயே நடந்து வீட்டுக்கு வந்துவிடலாம். பதினோரு வருஷமாகச் செய்கிறேன். எனக்கு அழுது தீர்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் என் மனைவி விதைக்கென்று ஒரு செடியைக்கூட விடவில்லை. நூற்று நாற்பதையும் பிடுங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"போதுங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க. பாப்பாவை இனிமே விட்டுடலாம்."

நான் சத்தம் போடவில்லை. மரங்கள் காய்கிறவரை இரு என்றேன். தலையாட்டினாள்.

செடிகளைக் கொடியில் தலைகீழாகக் கட்டி நாலு நாள் காயவிட வேண்டும். ஈரக்காற்று பட்டால் கிளை சுருண்டுவிடும். வெளியே விடாத மழை. வீட்டில் ஈரம் ஏறாதது அவள் படுக்கிற அறை ஒன்றுதான். அவளுக்கு இழுப்பு உண்டு. தூசி ஆகாது, ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அங்கே கட்டச் சொன்னது அவள்தான். "ஜன்னலைக் கொஞ்சமா திறந்து வச்சுக்கறேன்" என்றாள்.

அந்தக் கொஞ்சத்திலேயே முதல் நாள் இருபது செடிகள் சுருண்டுவிட்டன. நான் ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் டேப் ஒட்டினேன். மறுநாள் காலை கதவை வெளியே தாழ் போட்டேன்.

அவளை மட்டும் கூடத்தில் படுக்க வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கூடத்தில் அவள் கட்டி வைத்த பெட்டி இருந்தது. வெளியே வந்தால் போய்விடுவாள். அவளும் போய்விட்டால் அந்தத் தெருவில் பாப்பாவுக்குக் கதவு திறக்க யார் இருப்பார்கள்?

மத்தியானம் தட்டினாள்.

"மூச்சு முட்டுதுங்க. பெட்டியில மருந்து இருக்கு, அதையாவது குடுங்க."

மருந்து கொடுக்கக் கதவைத் திறக்க வேண்டும். நான் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எங்கள் வீட்டு வாசல் கேட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் தட்டுவது நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் திறந்தேன். மீதி நூற்றிருபதும் ஒரு கிளை வளையாமல் காய்ந்திருந்தன. அவள் ஜன்னலுக்குக் கீழே கிடந்தாள். நகங்களில் டேப் ஒட்டியிருந்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டு அன்றைக்குத்தான் அழுதேன்.

நேற்று நீங்கள் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும், ஐயா. அவள் கதவைத் தட்டிய அன்று சாயங்காலம் நான் கதவருகே போய், "இன்னும் ரெண்டே நாள், பொறுத்துக்கோம்மா" என்றதும் அவள் "சரி" என்றதாகச் சொல்லியிருந்தேன். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. "சரி" என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.