உள்ளே இருப்பவருக்கு ஒரு சாயா

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவளின் காலடியில் காலியான சாயா டிரம்.

“ஆளு உள்ள இருக்காருன்னு சொன்னாவ. நானும் சாயா எடுத்துட்டு உள்ள போய்ப் பாத்தேன். ஒருத்தரையும் காணல்ல.”

“எங்கக்கா?”

“இண்ணைக்கு எழுத்துக்காரங்க கூட்டத்துக்கு நாந்தான சாயா. மேடையில இருக்கியதுக்குப் போட்ட கசேரியில ஒண்ணு ஆளில்லாம சும்மா கெடந்து. யாருக்குன்னு கேட்டேன். ஒரு கவிஞருக்காம், அவரு உள்ள இருக்காருன்னாவ. நான் மேடைக்குப் பொறத்த உள்ள ரூமுன்னு நெனச்சேன். ஜெயிலுக்கு உள்ளயாம்!”

“நம்ம ஊரு ஜெயிலா?”

“இல்லட்டி, வேற ஏதோ நாடு. பேரு வாயில வரல்ல. அவர விடுத வரைக்கும் கூட்டத்துல அவருக்குன்னு ஒரு கசேரி போட்டு வைப்பாவளாம்.”

“என்ன செய்தாராம்?”

“ஊருல ரொட்டி கிடைக்கல்லன்னு கவிதை எழுதினாராம்.”

“வேற?”

“வேற ஒண்ணும் செய்யல்ல.”

இளையவள் சிரித்துவிட்டாள். “அப்படிப் பாத்தா, ரேஷன் கடையில நீ பேசுத பேச்சுக்கு உன்ன எப்பமே உள்ள போட்டிருக்கணும்.”

மூத்தவள் சிரிக்கவில்லை. “அதத்தான் நானும் நெனச்சேன்.”

தக்கலையில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் கிளம்பியதும் இளையவள் மறுபடி கேட்டாள்.

“அந்தச் சாயாவ என்ன செய்தக்கா?”

“அவருக்க கசேரியிலயே வச்சேன். கூட்டத் தலைவரு எடுக்க வந்தாரு. இது உள்ள இருக்கியவருக்கு உள்ளது, உமக்கு வேற தாறேன்னு சொல்லிட்டேன்.”

“ஆறிப் போயிருக்குமே.”

“அவரு எப்ப வருவாருன்னு அங்க யாருக்கும் தெரியல்லட்டி. ஒரு தட்ட வச்சு மூடிட்டு வந்தேன்.”