அப்பா எப்பவும் சொல்றது

பூட்டினவன் செத்துப்போயிட்டான், சாவி யார்கிட்டயும் இல்ல. அதாம்மா நடந்துச்சு. நான் போனப்புறம் டேப்லெட்ல இருக்கற இந்தக் கணக்க யார் தொறக்கணும், பேர் சொல்லுங்கன்னு கேக்கறியே, அதுக்குத்தான் சொல்றேன். பெரிய பையன் பேரப் போட்டுடவாங்கறியா? வேணாம். கைய எடு. முதல்ல கேளு.

சின்னவன் கப்பல்ல இன்ஜினியர். வருஷத்துல பாதி தண்ணி மேலதான். கெளம்பறதுக்கு முன்னாடி பொண்ணுக்குக் கதை சொல்லிப் பதிஞ்சு வெச்சுட்டுப் போவான். நாலு வயசு. அதக் கேக்காமத் தூங்காது. கடைசியாப் போனப்ப இன்ஜின் ரூம்ல தீ. ஆளும் வரல, போனும் வரல.

ம். சரி விடு. அழுதாச்சு.

கதை மட்டும் வீட்டு டேப்லெட்ல ஓடிட்டிருந்துச்சு. பெரியவன் வந்தான். அப்டேட் பண்றேன்னு எதையோ அமுக்கினான். அவ்வளவுதான், வெளிய தள்ளிக் கதவச் சாத்திடுச்சு. பாஸ்வேர்டு கொண்டாங்குது. குழந்தை அப்பா எங்க, அப்பா எங்கன்னு டேப்லெட்டத் திருப்பித் திருப்பிப் பாக்குது.

கம்பெனிக்குப் போன் போட்டோம். சாவி எங்ககிட்டயே இல்ல சார்னுட்டான். அவங்களாலயே படிக்க முடியாதாம். நல்ல பூட்டு! ரொம்பத் தப்பாப் போட்டா மொத்தமும் அழிஞ்சிடும்னு வேற சொல்றான்.

பாஸ்வேர்டு ஞாபகம் வர்றதுக்குச் சின்னவன் ஒரே ஒரு குறிப்பு விட்டிருந்தான். அப்பா எப்பவும் சொல்றது. அம்புட்டுதான்.

எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. எனக்கெப்படித் தெரியும்? பேசறதே கம்மி. பேசறத நானே உக்காந்து கேட்டுட்டா இருக்கேன்?

பெரியவன் உழைப்பே உயர்வுன்னு அடிச்சான். தப்பு. ஏன்டா, நான் என்ன காலண்டர் தாளா, தெனம் ஒண்ணு சொல்றதுக்கு? மக பொறுமையா இருன்னு அடிச்சா. எனக்கும் பொறுமைக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் தப்பு. ரெண்டு வாய்ப்புதான் பாக்கின்னு செவப்பா எழுதிக் காட்டுது. அப்புறந்தான் மகளுக்குப் பொறி தட்டுச்சு. அப்பா, யாராவது ரூம விட்டு வெளிய வந்தாப் போதும், பேன நிறுத்துன்னு கத்துவீங்களேன்னா. எழவு வீடுன்னு கூடப் பாக்கல, எல்லாம் சிரிக்குது.

தமிழ இங்கிலீஷ் எழுத்துல போடுவானே, அப்படித்தான் போட்டிருப்பான்னு பெரியவன் அடிச்சான். தப்பு.

இன்னும் ஒரே தடவ. இதுவும் போச்சுன்னா புள்ள கொரலே போச்சு. பெரியவன் மறுபடி கைய நீட்டறான். தொடாதடான்னேன்.

ஒருத்திய மட்டும் யாரும் கேக்கவே இல்ல. பெத்த புள்ளைங்களுக்கே தெரியல, அவளுக்கென்ன தெரியப்போவுதுன்னு. குழந்தைய மடியில போட்டுட்டு ஓரமா உக்காந்திருந்தா. மாமா, அத ஒரு தடவ சொல்லுங்கன்னா. எத? பேன நிறுத்துன்னு சொல்லுங்க. சொன்னேன். அப்படியில்ல மாமா, கோவமாச் சொல்லுங்க. கோவத்துக்கா பஞ்சம்? கத்தினேன். காதக் குடுத்துக் கேட்டா. பாத்தீங்களா, மாமாவுக்கு ஃபேன்னு வராது, பேன்னுதான் வரும், அவர் அத வெச்சுத்தான் கேலி பண்ணுவாருன்னா. உண்மைதான். எனக்கு அந்த எஃப் வராது. தலையில ஊர்ற பேன்தான் வரும். ராஸ்கல், கப்பல்லேருந்து போன் போட்டாக் கூட, அப்பா வீட்டுல பேன் ஜாஸ்தியான்னுதான் கேப்பான்.

எஃப்ப எடுத்துட்டு பி போட்டா. கண்ண மூடிட்டு அமுக்கினா.

தொறந்துச்சு. ஒரு ஊர்ல ஒரு கரடின்னு ஆரம்பிச்சான். குழந்தை வெரல வாயில வெச்சுட்டு அப்படியே சாஞ்சிடுச்சு. பக்கத்து ரூம்ல ஆளில்லாம பேன் ஓடிட்டிருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல.

என்னது? என் கணக்குல என்ன இருக்கா? அதுவும் கதைதான். அவன் சொன்னதெல்லாம் குழந்தைக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, புதுசு கேக்குது. நானே சொல்லிப் பதிஞ்சு வெச்சேன். சுமாராத்தான் இருக்கும்.

அடுத்த வாரமா? முடியாது, இப்பவே முடி. நாளைக்குக் காலையில நெஞ்சத் தொறக்கறாங்க. பொழைக்கறது பாதிக்குப் பாதின்னாரு டாக்டரு. வீட்டுல சொல்லல. என்னம்மா அப்படிப் பாக்கற, டைப் பண்ணு.

உறவா? மருமக. சின்னவன் பொண்டாட்டி.