புகை போன பக்கம்

ஹலோ... நாகு அண்ணே, பூமயில் பேசுறேன். கண்ணு ரெண்டும் எரியுது, அதான் குரலு இப்படி... இல்ல, அழுகல. கரிமூட்டத்துப் பக்கத்துல நிக்கிறேன்.

ஆமா, ஆமா... அம்மா அப்படியேதான் படுத்திருக்கு. உச்சிப்புளி டாக்டரம்மா கையை விரிச்சிட்டாங்க. தண்ணி கொண்டுபோனேன்... இல்ல, என் கையால என்னைக்குக் குடிச்சிச்சு? பக்கத்து வீட்டு சல்மா வந்துதான் ஊத்துச்சு.

அதுக்குக் கூப்பிடல. நம்ம அய்யா செத்த அன்னைக்கு மூட்டத்துல மேக்க ஓட்டையத் தெறந்தது யாருண்ணே?

...சரி, நீ எப்பவும் சொல்ற மாதிரி நான்தான். நான் தெறந்தேன், காத்து உள்ள பூந்துச்சு, உள்ள அடுக்குன வெறகெல்லாம் கரியாகாம சாம்பலாகி மேல் மண்ணு மட்டும் நின்னுச்சு. அய்யா ஏறி மிதிச்சாரு, மண்ணு உள்வாங்கி நெருப்புக்குள்ள போயிட்டாரு. இன்னைக்கும் ஓட்டை தெறக்கணும்னா வேலையாளு மாரிச்செல்வத்தத்தான் கூப்பிடுறேன். எனக்குக் கை வராது.

இருண்ணே, ஆட்டோ சவாரி அப்பறம் போகலாம்.

அன்னைக்கு மாதிரியே ஆடிக் காத்து, மேக்க இருந்து அடிக்குது. மேக்க ஓட்டைகிட்ட போயி நின்னேன். புகை எம்மேல வரல. கெழக்க வந்தேன், கண்ணு அவிஞ்சுபோச்சு.

அன்னைக்கும் புகையில எனக்குக் கண்ணு தெரியல. அப்ப நான் கெழக்கதான நின்னிருக்கணும்? அது ஒண்ணுதான் எனக்கா ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் நீ சொன்னது.

...சின்னப் புள்ள, ஆமா. அதான் நம்புனேன்.

ம்... ம்...

அண்ணே? நெசத்தச் சொல்லு.

...சீக்கிரம் வேகட்டும்னு நீ தெறந்தியா? எதுக்கு, தேவிபட்டினம் திருவிழாவுக்குப் போகவா?

...ம். சின்னப் புள்ளைய யாரும் அடிக்க மாட்டாகன்னு எம்மேல பழியப் போட்ட. யாரும் அடிக்கலதான். அன்னையிலருந்து அம்மா எங்கிட்ட பேசல, அம்புட்டுத்தான்.

அழுகாத. எனக்கு ஆறுதலா இருக்கணும்ல, இல்ல. இப்பவும் நானே தெறந்த மாதிரிதான் தோணுது. அய்யா ஏறுறப்ப வேணாம்னு நான் கத்துனேனா இல்லையா, அதுகூடத் தெரியல. உன்னைக் கேட்டதே பாவம் மாதிரி இருக்கு.

...வேணாம், பணம் வேணாம். ஆஸ்பத்திரிச் செலவ நான் பாத்துக்கிறேன். நாளைக்கு வாரேன்னு சொல்லாத, இப்பவே பஸ் ஏறு. அம்மாவுக்குக் காது இன்னும் கேக்குது.

வந்து, நான்தாம்மா தெறந்தேன், பூமயில் இல்லன்னு அது காதுல சொல்லு. அந்த ஒரு வார்த்தை நீ எனக்குப் பாக்கி.