மாடியில காஞ்ச வெள்ளைத் துணி

துணின்னா வெயில்ல காயணும் தம்பி. வீட்டுக்குள்ள போட்டா ஒரு ஈர வாடை அடிக்கும், என்ன சோப்பு போட்டாலும் போகாது. இதை எழுதிக்கணும்னு இல்லை. விசாரணைன்னு வந்துட்டீங்க, முதல்லேர்ந்து சொல்றேன்.

பாதுகாப்புக் கொள்கை நிபுணர்னு பேரு எனக்கு. புத்தகம் போட்டேன், டிவியில பேசினேன். ஆனா ராணுவக் கூட்ட அறைக்குள்ள போனா, "மேடம், அப்படியே டீ சொல்லிடுங்களேன்." அவ்வளவுதான் என் நிபுணத்துவம். தளபதின்னு ஒருத்தர் நடுவுல உக்காந்திருப்பாரு. சட்டைப் பட்டன் அறுந்தா பொண்டாட்டிக்குப் போன் போடுற சூரப்புலி.

அன்னிக்குத் திரையில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடம், வானத்துலேர்ந்து எடுத்த படம். அது ஆயுதக் கிடங்கா இல்லையான்னு முடிவு பண்ணணும். மொட்டை மாடியில வரிசையா வெள்ளைச் சதுரம். ஒரு மேதாவி சோலார் தகடுன்னாரு. இன்னொருத்தர் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தாரு. ஜென்மத்துல ஒரு துணி உதறிப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுது. பச்சைப் புள்ளைக்குக் கட்டுற துணி. ரெண்டு பெத்தவளுக்கு இது தெரியாதா? அத்தனை துணி ஒரு புள்ளைக்கு இல்லை. பிரசவ விடுதியாத்தான் இருக்கணும்.

அப்பதான் தளபதி என் பக்கம் திரும்பினாரு. "நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?"

இத்தனை வருஷத்துல முதல் தடவை தம்பி. புள்ளைத் துணின்னு சொன்னேன்னு வைங்க, "வந்துட்டாங்கப்பா துவைக்கிற கதைக்கு"ன்னு சிரிச்சிருப்பாங்க. ஆயுசுக்கும் டீ சொல்லிக்கிட்டே கிடக்க வேண்டியதுதான்.

"வெடிமருந்துப் பெட்டியோட உறை. ஈரம் போகக் காயவைக்கிறாங்க"ன்னேன்.

ஒருத்தரும் சிரிக்கலை. தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினாங்க. சாயங்காலமே குண்டு போட்டு முடிச்சுட்டாங்க. கொஞ்ச நாள்ல தலைமை ஆலோசகர் நாற்காலி எனக்கு வந்துச்சு. டீயை அவங்களே சொல்லிக்கிட்டாங்க.

தெரிஞ்சேதான் சொன்னீங்களான்னு கேக்குறீங்க. தெரிஞ்சேதான். ஆனா ஒண்ணு, அது என்ன துணின்னுகூடத் தெரியாத ஆளுங்க கையில குண்டைக் குடுத்தது நானா?

மனசு உறுத்தலையான்னா, ஒண்ணும் இல்லை. நல்லாச் சாப்பிடுறேன், நல்லாத் தூங்குறேன். பேத்தி பொறந்து மூணு மாசம் ஆகுது. அவ துணியை மட்டும் மாடியில போட விடமாட்டேன். எல்லாம் கூடத்துலதான். வாடை தாங்கலை அத்தைன்னு மருமக மூக்கைச் சுளிக்கிறா.

மாடியில தூசி தம்பி. வேற ஒண்ணும் இல்லை.