பத்து மணிக்குள் ஒரு திட்டு

— மறுபடி திட்டு. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ற சிவப்புப் பொட்டை அமுக்க மறந்துட்டேன்.

— அடக் கடவுளே! இவ்வளவு நேரம் திட்டினதெல்லாம் காத்தோட போச்சா?

— அதான் மறுபடிங்கறேன். பத்து மணிக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் குரல் ஏது?

— முப்பத்தொரு வருஷமா வாயை மூடுடின்னு சொன்ன மனுஷன், என் குரல்வளையை எடுக்கப்போற அன்னிக்குத் திட்டு திட்டுன்னு கெஞ்சறாரு. நல்லா இருக்கு நம்ம குடித்தனம்.

— அமுக்கிட்டேன். ம்.

— யோவ் அச்சாபீஸ்காரரே! மிஷின் சத்தத்துல பாதிக் காதைத் தொலைச்சீங்க, சரி. மீதிக் காதை யாருக்குத் தானம் பண்ணினீங்க? அடுக்களைலேருந்து கத்தினாத் திரும்பறதில்ல. உப்பு வாங்கிட்டு வாங்கன்னா, உப்பு சரியாத்தான் இருக்குங்கறீங்க. கல்லைக் கட்டிக்கிட்டிருந்தாக்கூட அது ரெண்டு பதில் சொல்லியிருக்கும்! போதுமா?

— போதும், போதும். விழுந்திருக்கான்னு நீயே போட்டுக் கேளு.

— விழுந்திருக்கு. ஐயையே, இதுவா என் குரல்? நான் என்னவோ குயில்னு நெனச்சிட்டிருந்தேன்.

— குயிலுக்கு இவ்வளவு கோபம் வராது.

— சிரிக்க வைக்காதீங்க, தொண்டை வலிக்குது.

— இப்ப அது. துணி மடிக்கும்போது முனகுவியே, அது.

— அதுக்கு வார்த்தையே கிடையாதே.

— வார்த்தை யாருக்கு வேணும்? ம், ஆரம்பி.

— ம்ம்ம்... ஏங்க, முதுகுல எதுக்குக் கை வைக்கறீங்க? நர்ஸம்மா வர்றாங்க.

— தாளம் பாக்கறேன். நீ நிறுத்தாதே.

— அம்மா, நேரமாச்சு. ஸ்ட்ரெச்சர் வந்திடுச்சு. சார், கொஞ்சம் தள்ளிக்குங்க. சார்! உங்களைத்தான்.

— ஏங்க, தள்ளிக்கச் சொல்றாங்க.

— ஓ... மன்னிச்சுக்கம்மா. ரெண்டே நிமிஷம் குடு, உனக்குப் புண்ணியமாப் போகும்.

— சரி சார். நான் கதவுகிட்ட நிக்கறேன். யாரும் உள்ள வராமப் பாத்துக்கறேன்.

— நல்ல பொண்ணு. மகராசியா இருக்கணும்... ஏங்க, ஆபரேஷனுக்கு நான் பயப்படல. உசிரை ஆண்டவன் பாத்துப்பான். வீட்டுக்குத் திரும்பி வந்தப்புறம்தான்... நான் சத்தமில்லாம வாயை வாயை அசைப்பேன். நீங்க எதிர்ல உக்காந்து இந்த ஃபோனைப் போட்டுக் கேட்டு அழுவீங்க. அந்தக் கோலத்தை நான் எப்படிப் பாப்பேன்?

— சுவரைப் பாத்துப் பேசாதே. இந்தப் பக்கம் திரும்பு. இப்பச் சொல்லு.

— இதைப் போட்டுக் கேட்டு அழக்கூடாதுன்னேன்.

— நான் கேக்கறதுக்கா பிடிச்சு வச்சேன்? உனக்குத்தான். என்னிக்காவது உன் குரலைக் கேக்கணும்னு உனக்கு ஆசையா இருக்கும்ல.

— அப்ப உங்களுக்கு?

— போன வருஷமே எனக்கு ரெண்டு காதும் சுத்தமாப் போயிடுச்சு.

— என்னங்க சொல்றீங்க?

— சொன்னா நீ முனகறதை விட்டுடுவியோன்னு பயம். உன் உதட்டைப் பாத்துத்தான் இத்தனை நாளும் சிரிச்சிட்டிருக்கேன். போயிட்டு வா. வந்து, வாயை மட்டும் அசை. இந்த ஒரு வருஷமா நான் கேட்டதும் அவ்வளவுதான்.